உள்ளூருக்கு வந்த வெளிநாட்டுப் பந்துவீச்சாளர்

ஒருவர் தன் சொந்த ஊரில் பந்து வீசுவதற்கு என்ன வேண்டும் என்று கேட்டால், ஒரு பந்து வேண்டும் என்று சட்டென்று பதில் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களெல்லாம் எந்த அலுவலகப் படியும் ஏறிப் பழகாத பாக்கியசாலிகள். பந்து கடைசியாகத்தான் வேண்டும். அதற்கு முன்னால் வேண்டியவற்றைச் சேர்ப்பதற்குள் ஒரு மனிதனுக்குப் பந்தை எந்தக் கையில் பிடிப்பது என்பதே மறந்துவிடும்.

நம் ஆளுக்கு 'கடைசி ஓவர்' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது பாஸ்போர்ட்டுக்குள் பத்திரமாக இருந்தது. ஆட்டத்தின் கடைசி ஆறு பந்துகளை அவர் கையில் கொடுத்துவிட்டால், எதிரே மட்டை பிடித்து நிற்கிறவர் தன் கால் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்வார். பந்து நேரே வந்து கால் பெருவிரலுக்கு அடியில் விழும். அதை அடிக்கவும் முடியாது, தாண்டவும் முடியாது, கும்பிட்டு வழியனுப்பத்தான் முடியும்.

இப்படி ஒரு வித்தை கையில் இருந்தால் உலகம் சும்மா விடுமா? பதினோரு நாட்டு லீக்குகளில் அவர் ஆடினார். ஜனவரியில் 'புயல்கள்' அணி, மார்ச்சில் 'காண்டாமிருகங்கள்', மே மாதம் 'சுறாக்கள்'. சுறாக்களின் ஊரிலிருந்து கடல் இரண்டு நாள் பயணம். யாரும் கேட்கவில்லை. ஒருமுறை உடுப்பின் நிறம் குழம்பிப்போய் எதிரணியின் பேருந்தில் ஏறி, அவர்களுடைய ஆலோசனைக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து, "கடைசி ஓவரை எப்படிச் சமாளிக்கலாம்?" என்று பயிற்சியாளர் கேட்டபோது கையைத் தூக்கி நேர்மையாகப் பதிலும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அவர் பந்தை வெளுத்து வாங்கினார்கள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள் என்று அவருக்கு மனதின் ஒரு மூலையில் பெருமையாகத்தான் இருந்தது.

எல்லாம் சரி, வீடு? போன வருடம் அவர் வீட்டில் இருந்தது முப்பத்தொரு நாள். மகளுக்கு எட்டு வயது. அவள் அப்பாவை நேரில் பார்த்த நாட்களை எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கூட்டினால், ஒரு வயதுகூட முழுசாகத் தேறாது. மனைவி பல் மருத்துவர். எதிரில் இருக்கிறவர் வாயைத் திறந்தே வைத்திருந்தாலும் பதில் பேச முடியாத தொழில். அதனால் அம்மாளுக்குச் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லி முடிக்கிற பழக்கம் இருந்தது.

"இங்க பாருங்க," என்றாள் போனில். "நம்ம ஊர்லயே லீக் ஆரம்பிக்கிறாங்க. நாப்பத்தஞ்சு நாள். வீட்டுலேர்ந்து மைதானம் இருபது நிமிஷம். நீங்க காலையில நம்ம வீட்டுல எந்திரிச்சு, மத்த மனுஷங்க மாதிரி வேலைக்குப் போயிட்டு, திரும்பி நம்ம வீட்டுக்கே வரணும். நாப்பத்தஞ்சு நாள் வீட்டுல இருக்கணும். நான் கேக்கறது அவ்வளவுதான்."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான். பல்லும் ஒழுங்கா தேய்க்கணும்."

ஏலத்தில் 'எரிமலைகள்' அணி அவரை எடுத்தது. அந்த ஊரில் வேகத்தடையைத் தவிர மேடு என்று ஒன்று கிடையாது. இருந்தாலும் எரிமலைகள். கடைசி ஓவர் எட்டு வருடத்தில் முதல்முறையாகப் பெட்டியைத் திறந்து, துணிகளை எடுத்து, அலமாரியில் அடுக்கினார். மகள் பக்கத்தில் நின்று அதை ஒரு மாயாஜாலம் போலப் பார்த்தாள்.

"அப்பா, இந்தப் பெட்டிக்கு அடி இருக்கா!"

மறுநாள் மதியம் பதிவு செய்வதற்காகக் கிரிக்கெட் வாரியத்துக்குப் போனார். மைதானத்தின் பார்வையாளர் படிக்கட்டுக்கு அடியில், சாய்ந்த கூரைக்குக் கீழே, 'வீரர் இடப்பெயர்வுப் பிரிவு' இருந்தது. ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, இரண்டு ரப்பர் முத்திரை, ஒரு அலுவலர். அலுவலர் பாஸ்போர்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, விரல் விட்டு எண்ணி, பெருமூச்சு விட்டார்.

"உள்நாட்டு வீரர்னா, போன வருஷத்துல நூத்தி எண்பத்திரெண்டு நாள் உள்நாட்டுல இருந்திருக்கணும். நீங்க முப்பத்தொண்ணு."

"சார், நான் பொறந்ததே இந்த ஊர்ல."

"பொறந்தது ஒரு நாள்தானே சார். அதைச் சேர்த்தாலும் முப்பத்திரெண்டுதான் வருது."

"அப்ப நான் யாரு?"

"வெளிநாட்டு வீரர். கவலையே படாதீங்க, தாராளமா ஆடலாம். உங்க தாய்நாட்டு வாரியத்துலேர்ந்து ஆட்சேபணை இன்மைச் சான்றிதழ் ஒண்ணு வாங்கிட்டு வந்துடுங்க."

"என் தாய்நாட்டு வாரியம் எது சார்?"

அலுவலர் மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். "இதுதான்."

"அப்ப நீங்களே குடுத்துடலாமே?"

அலுவலர் வாயில் கை வைத்துக்கொண்டார். "நான் எப்படிக் குடுக்கறது? நான் உள்ள வர்றவங்களுக்கு. வெளிய போறவங்களுக்குச் சான்றிதழ் குடுக்கறவர் காலையில இருப்பார்."

"அவர் யாரு சார்?"

"நான்தான்."

மறுநாள் காலை போனபோது அதே நாற்காலி எதிர்ப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. அதே அலுவலர், வேறு முத்திரை. முகத்தில் ஒரு தனிக் களை.

"வாங்க வாங்க. எந்த நாட்டுக்குப் போறீங்க?"

"இந்த நாட்டுக்குத்தான் சார்."

"நல்ல நாடு. எப்பக் கிளம்பறீங்க?"

"வந்தாச்சு சார்."

"கிளம்பாம எப்படி சார் வர முடியும்?" என்று அன்பாகக் கடிந்துகொண்டு, புறப்படும் தேதி என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டு, சான்றிதழை எழுதி, இடப்பக்கக் காகிதத் தட்டில் வைத்தார். ஒரு மணி ஆயிற்று. சாப்பிட்டார். கை கழுவினார். நாற்காலியை மறுபக்கம் திருப்பினார். காகிதத் தட்டிலிருந்து சான்றிதழை எடுத்தார். புருவம் நெறிந்தது.

"இதென்ன, புறப்படும் தேதியில வெறும் கோடு? யார் போட்டது இது?"

"நீங்கதான் சார். காலையில."

"காலையில இருக்கறவருக்கு எப்பவுமே அவசரம்," என்று முணுமுணுத்து, திருப்பி அனுப்பினார்.

இதன் பிறகு நடந்த கடிதப் போக்குவரத்து அலுவலக வரலாற்றில் பொறிக்கத் தக்கது. 'தங்கள் கடிதத்தில் காணப்படும் அலட்சியம் ஆழ்ந்த வருத்தத்துக்குரியது' என்று மதியம் எழுதினார். 'தங்கள் வருத்தம் இவ்வலுவலகத்தின் அதிகார வரம்புக்கு அப்பாற்பட்டது' என்று மறுநாள் காலை பதில் எழுதினார். அன்று மதியமே முதல் நினைவூட்டல் போயிற்று. நான்காம் நாள் அவருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசி ஓவர் எத்தனையோ மட்டையாளர்களைப் படித்தவர். ஐந்தாம் நாள் சரியாக ஒரு மணிக்கு உள்ளே போனார். அலுவலர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவர் எந்தப் பொறுப்பிலும் இல்லை. அதனால் மனிதராக இருந்தார்.

"சார், உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்."

அலுவலர் கவளத்தை விழுங்கினார். "என்ன சொல்றது சார். காலையில இருக்கறவர் ரோஷக்காரர். மதியத்துக்காரர்தான் கொஞ்சம் எறங்கி வரணும். சரி, உங்களுக்காகப் பேசிப் பாக்கறேன்."

பேசிப் பார்த்திருக்க வேண்டும். இரண்டரை மணிக்கு முத்திரை விழுந்தது: 'வெளிநாட்டு வீரர். ஆட்சேபணை இல்லை.'

வீட்டில் மனைவி சிரித்தாள். "வெளிநாட்டுக்காரரா இருந்தா என்ன, வேற கிரகத்துக்காரரா இருந்தா என்ன. ஆட்டம் முடிஞ்சா வீட்டுக்கு வந்தாப் போதும்."

வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர் இறங்கினார். வெளிநாட்டு வீரர்களுக்கான தொடர்பு அலுவலர் என்று கழுத்தில் அட்டை தொங்கியது.

"எங்கள் நாட்டுக்கு நல்வரவு," என்றார். "வெளிநாட்டு வீரர்கள் பாதுகாப்பு வளையத்துக்குள்ள, ஓட்டல்லதான் தங்கணும். பெட்டியைக் கட்டிக்கறீங்களா சார்?"

அடுக்கிய துணி மறுபடி பெட்டிக்குள் போனது. ஓட்டலில் பதினான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் தெரிந்த முதல் காட்சி, அவருடைய வீட்டு மொட்டைமாடி. கொடியில் அவருடைய நீலப் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. போனை எடுத்தார்.

"மழை வர்ற மாதிரி இருக்கு. அந்தப் பனியனை எடுத்துடேன்."

"எடுக்கறேன். கையை ஆட்டுங்க பாப்போம்."

ஆட்டினார். மகள் மாடிக்கு ஓடிவந்து, எந்த ஜன்னல் என்று தெரியாமல் மொத்த ஓட்டலுக்கும் கையாட்டினாள். பதினோரு ஜன்னல்களிலிருந்து பதில் வந்தது.

முதல் ஆட்டம் நடந்தது. கடைசி ஆறு பந்தில் ஏழு ரன்கள் எடுத்தால் எதிரணிக்கு வெற்றி. அவர் மூன்றுதான் கொடுத்தார். வர்ணனையாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "எங்கிருந்தோ வந்த ஒருவர், நம் மண்ணை இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டாரே!" அந்த மண்ணில்தான் அவர் பன்னிரண்டு வயதில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டார். புரிந்துகொள்ளப் போதுமான அவகாசம் கிடைத்திருந்தது.

அதே அணியில் ஒரு தொடக்க ஆட்டக்காரர் இருந்தார். தூர தேசத்து ஆள். போன வருடம் ஒரு காட்சி ஆட்டத்துக்கு வந்த இடத்தில் காலை உடைத்துக்கொண்டு, இந்த ஊர் மருத்துவமனையில் நூற்றுத் தொண்ணூறு நாள் படுத்திருந்தார். விதிப்படி அவர் உள்நாட்டு வீரர். நகரமெங்கும் அவர் படத்தைப் போட்டு 'நம்ம வீட்டுப் பிள்ளை' என்று எழுதி வைத்திருந்தார்கள். பாவம், அவருக்கு நம் மொழியில் தெரிந்த ஒரே வார்த்தை 'வலிக்குதா?'. அதைத்தான் ரசிகர்களைப் பார்க்கும்போதெல்லாம் வாய் நிறையச் சொல்வார். ரசிகர்கள் உருகிப்போவார்கள்.

பத்திரிகையாளர் சந்திப்பில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் கிடையாது, உள்நாட்டுக்காரருக்கு எதற்கு? கடைசி ஓவருக்கு உண்டு. புவியியல் ஆசிரியரே அந்த வேலையையும் பார்த்தார்.

"ஆட்டம் நல்லா இருந்துச்சு," என்றார் கடைசி ஓவர்.

"ஆட்டம் நன்றாக இருந்தது என்று தெரிவிக்கிறார்," என்றார் ஆசிரியர்.

"நான் பேசறது அவங்களுக்கே புரியுதுங்களே?"

"தான் பேசுவது உங்களுக்கே புரிகிறது என்று வியக்கிறார்." கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

பத்து நாள் போயிற்று. வீட்டில் இருக்க வேண்டிய நாற்பத்தைந்தில் பத்து கழிந்தது. வீட்டில் இருந்தது பூஜ்யம். பல் மருத்துவர் லீக்கின் விதிப்புத்தகத்தை வரவழைத்து, சொத்தைப் பல்லைத் தேடுகிற அதே கவனத்துடன் முழுக்கப் படித்தாள். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வாரியத்துக்குப் போனாள். மதிய நேரம்.

"நாப்பத்தோராவது விதி. வெளிநாட்டு வீரரோட குடும்பம் அவரோடவே தங்கலாம்னு போட்டிருக்கு."

"உடன் வரும் குடும்பம் மேடம். நீங்க எங்க வந்தீங்க? நீங்க முன்னாடியே இங்க இருக்கீங்க."

"உடன் வரும் குடும்பம்னா யாருன்னு கீழயே எழுதியிருக்கு. 'விமான நிலைய வருகை வாயிலில் வரவேற்கப்பட்டோர்.' ஏறி வரணும்னு எங்கயாவது இருக்கா?"

அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். இல்லை. விமானத்தைப் பற்றி விதியில் ஒரு சொல் இல்லை. ஒரு விதி தன்னையும் மீறி நல்லது செய்வதைப் பார்த்து அவருக்கே கண் கலங்கியது.

"ஆனா ஒண்ணு மேடம். உள்ளூர்ல வீட்டுச் சாவி வச்சிருக்கறவங்க வெளிநாட்டுக் குடும்பமா இருக்க முடியாது."

அவள் கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்தாள். அலுவலர் ஒரு பதிவேட்டைத் திறந்து, 'உள்ளூர் வீடு ஒன்று, பொருட்களுடன், வாரியத்தின் பராமரிப்பில்' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் அம்மாவும் மகளும் நகரப் பேருந்து பிடித்து விமான நிலையம் போய், வருகை வாயிலில் நின்றார்கள். புவியியல் ஆசிரியர் பூங்கொத்துடன் ஓடிவந்தார்.

"எங்கள் நாட்டுக்கு நல்வரவு! பயணம் சௌகரியமா இருந்துச்சா?"

"நின்னுக்கிட்டேதான் வந்தோம் அங்கிள்," என்றாள் மகள். "ஒரு ஆயா என் காலை மிதிச்சிட்டாங்க."

"சில விமானங்கள் அப்படித்தான்மா," என்றார் ஆசிரியர் ஆறுதலாக.

குடும்பம் ஒன்று சேர்ந்தது. சந்தோஷத்துக்குக் குறைவில்லை. காலையில் மூன்று பேரும் சேர்ந்து பல் தேய்த்தார்கள். ஆனால் வெளிநாட்டுக் குடும்பத்தார் உள்ளூரில் தொழில் செய்யக் கூடாது என்று ஐம்பதாவது விதி. தன் பல் மருத்துவமனையைப் பூட்டிவிட்டு வந்தவள், அறைக்குச் சாப்பாடு கொண்டுவருகிறவரைச் சிரிக்க வைத்துக் கடைவாயை எட்டிப் பார்ப்பதோடு திருப்திப்பட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர், பத்து வருடமாக 'உங்க தொட்டித் தண்ணி எங்க சுவத்துல வழியுது' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவர், ஓட்டல் வாசலில் இரண்டு மணி நேரம் காத்திருந்து படம் எடுத்துக்கொண்டார். "எங்க ஊர் புடிச்சிருக்கா சார்?" என்று வேறு கேட்டார். தண்ணீரைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அப்பா," என்றாள் மகள் ஒருநாள், "இதுவும் நல்லாத்தான் இருக்கு. ஆனா எப்ப நாம வீட்டுக்குப் போவோம்?"

"ஆட்டமெல்லாம் முடியட்டும்டா கண்ணு."

"முடிஞ்சா நீ கிளம்பிடுவியே."

நாற்பத்தாறாம் நாள் காலை அவருக்கு விமானம். இந்த முறை 'பனிக்கரடிகள்'. பாலைவனத்தில்.

நாற்பத்து மூன்றாம் நாள் அறைக் கதவுக்கு அடியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. 'வெளிநாட்டு வீரர்கள் மற்றும் குடும்பத்தார் நம் மக்களின் வாழ்க்கைமுறையை அறியும் பொருட்டு, உண்மையான உள்ளூர் இல்லம் ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்படுவர். நாற்பது நிமிடம். வருகை கட்டாயம்.' இப்போதெல்லாம் இதுதான் நாகரிகமாம். எந்த ஊருக்குப் போனாலும் ஊரைப் பார்ப்பதில்லை, ஊர்க்காரரின் சமையலறையைப் பார்க்கிறார்கள்.

வண்டி புறப்பட்டது. முதல் திருப்பத்திலேயே மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது திருப்பத்தில் மகள், "அப்பா, இது நம்ம பேக்கரி!" என்றாள். வண்டி நின்ற இடத்தில் கேட்டில் 'உண்மையான உள்ளூர் இல்லம்' என்று பலகை தொங்கியது. தெருவே வரிசையில் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு மூன்றாவதாக நின்றார்.

"செருப்பை இங்க விடுங்க," என்றார் புவியியல் ஆசிரியர். "எதையும் தொடாம பாருங்க. இதோ, இந்த வீட்டுக்காரர்கள் மின்கட்டண ரசீதை ஆணியில் குத்தி வைக்கிறார்கள். வருடக்கணக்கில் எடுப்பதில்லை. இது அவர்களுடைய நம்பிக்கை."

"மறதி," என்றாள் மனைவி.

"அப்படியும் ஒரு சாரார் சொல்கிறார்கள்."

குளிர்சாதனப் பெட்டியின் மேல் ஒரு படம் ஒட்டியிருந்தது. அம்மா, ஒரு குழந்தை, பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் மீசை வைத்த ஓர் ஆள். கட்டத்துக்குக் கீழே ஸ்கோர். "இந்த ஊர்க் குழந்தைகள் தந்தையை இப்படித்தான் வரைகிறார்கள்," என்றார் ஆசிரியர். "தந்தையர் தொலைக்காட்சியில் வசிக்கிறார்கள்."

கடைசி ஓவர் அந்தப் படத்தின் முன்னால் நின்றார். பிறகு போய்த் தன் நாற்காலியில் உட்காரப் பார்த்தார். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாரியத்து அலுவலர் உட்கார்ந்திருந்தார்.

"சார், இது என் வீடு. உங்களுக்கே தெரியும்."

அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. "காலையில கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சார்."

"சரி, நான் இங்கயே தங்கணும்னா?"

"ரொம்ப சுலபம். உள்ளூர்க்காரரா ஆயிடுங்க. நூத்தி எண்பத்திரெண்டு நாள் இந்த ஊர்ல இருங்க, சாவியை நானே உங்க கையில குடுக்கறேன்."

"எங்க இருக்கறது?"

"உங்க வீட்டுலதான்," என்றார் அலுவலர், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போல.

நாற்பது நிமிடம் முடிந்தது. மணி அடித்தார்கள். வாசலில் ஒரு மேசையில் பார்வையாளர் கருத்துப் புத்தகம் விரித்து வைத்திருந்தது. எழுதாமல் வெளியே விடுவதில்லை. முந்தின நாள் வந்த மேல்மாடிக்காரர் எழுதியிருந்தார்: 'பதினைந்து வருடமாக இதே படியில் ஏறி இறங்குகிறேன். இப்படி ஓர் இடம் இருப்பது இவ்வளவு நாள் தெரியாமல் போயிற்றே.' மகள் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு வீடு வரைந்தாள். கடைசி ஓவர் பேனாவைக் கையில் பிடித்தபடி நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது.

பல் மருத்துவர் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

'வீடு மிகவும் நன்றாக இருக்கிறது,' என்று எழுதினாள். 'யாராவது குடியிருந்தால் இன்னும் நன்றாக இருக்கும்.'